வாசல்படி எத்தனை அங்குலம்?

வாசகர் கேள்வி – பதில்

சென்ற மாதம் பக்கவாதம் வந்தவர்களின் தோள்வலி பற்றி எழுதியிருந்தேன். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் தோளைப் பற்றியே இல்லை. ‘நீங்கள் செய்வது என்ன டாக்டர் வேலை, அதை எங்கே படிப்பது, படித்தால் பிழைக்க முடியுமா’ என்றுதான் கேட்டிருந்தார்கள். விபத்தாலோ நோயாலோ உடல் இயக்கத்தை இழந்தவர்களை மறுபடி வாழப் பழக்கும் புனர்வாழ்வு மருத்துவம் (பிசிகல் மெடிசின் அண்ட் ரிஹாபிலிடேஷன், சுருக்கமாக பி.எம்.ஆர்.) என் துறை. முப்பத்து நான்கு வருடம் அதில் குப்பை கொட்டியவள் என்பதால், இந்த முறை பக்கம் முழுக்க அதற்கே.

*

ஹவுஸ் சர்ஜன் பயிற்சி முடித்துவிட்டேன். நீட் பி.ஜி. ரேங்கைப் பார்த்தால் ரேடியாலஜி, ஸ்கின் எல்லாம் கனவுதான். எம்.டி. பி.எம்.ஆர். கிடைக்கும்போல் இருக்கிறது. “பிசியோதெரபி செய்யவா உன்னை டாக்டருக்குப் படிக்க வைத்தேன்?” என்கிறார் அப்பா. எடுக்கலாமா?
– இளம் மருத்துவர், திருவாரூர்

அப்பாவைக் கோபித்துக்கொள்ளாதீர்கள் தம்பி. என் மாமனார் கடைசிவரை என்னை ‘எலும்பு டாக்டர்’ என்றுதான் கல்யாண வீடுகளில் அறிமுகப்படுத்தினார். எங்கள் துறைக்காரரை ‘பிசியாட்ரிஸ்ட்’ என்பார்கள். அதைக் காதில் வாங்குபவர்களில் பாதிப்பேர் மனநல மருத்துவர் என்று நினைப்பார்கள், மீதிப்பேர் பிசியோதெரபிஸ்ட் என்று. தமிழில் சொல்லித் தப்பிக்கலாம் என்றால் அது இன்னும் மோசம். ஒருமுறை ஆட்டோக்காரரிடம் ‘மறுவாழ்வு மையம்’ என்று சொன்னேன். கொஞ்ச தூரம் போனதும் திரும்பிப் பார்த்து, “வீட்ல யாரும்மா குடிக்கிறது?” என்றார். அன்றிலிருந்து ‘புனர்வாழ்வு’ என்ற பழைய சொல்லுக்கே திரும்பிவிட்டேன்.

எம்.பி.பி.எஸ்.சுக்குப் பிறகு மூன்று வருடம், எம்.டி. அல்லது அதற்கு இணையான டி.என்.பி. தண்டுவடக் காயம், பக்கவாதம், தலைக்காயம், மூளைமுடக்குவாதக் குழந்தைகள், கால் எடுக்கப்பட்ட சர்க்கரை நோயாளிகள், தீராத முதுகுவலி என்று வார்டு நிறைந்திருக்கும். தசை இறுக்கத்தைக் குறைக்க பொட்டுலினம் ஊசி போடுவீர்கள், நரம்புக் கடத்தல் பரிசோதனை செய்வீர்கள், செயற்கைக் காலுக்கும் காலிப்பருக்கும் (பலமில்லாத காலைத் தாங்கும் கருவி) அளவும் வகையும் எழுதித் தருவீர்கள். பிசியோ, அன்றாட வேலைகளைச் செய்யப் பழக்கும் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட், செயற்கைக் கால் செய்து தருபவர், நர்ஸ் எல்லோரையும் ஒரே மேஜையில் உட்காரவைத்து, இந்த மனிதருக்கு அடுத்த மூன்று மாதத்தில் என்ன வேண்டும் என்று முடிவெடுப்பதும் உங்கள் வேலை. பாடத்திட்டம் சொல்வது இவ்வளவு. பாடத்திட்டம் எனக்குச் சொல்லாத ஒன்றைப் பொள்ளாச்சிப் பக்கத்துத் தென்னை ஏறும் தொழிலாளி ஒருவர் சொல்லிக்கொடுத்தார்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. மரத்திலிருந்து விழுந்ததில் அவருக்கு இடுப்புக்குச் சற்று மேலே முதுகெலும்பு நொறுங்கி, கால் இரண்டும் செயலிழந்துவிட்டன. நான்கு மாதம் எங்கள் வார்டில் இருந்தார். கையை ஊன்றி உடம்பைத் தூக்கி வீல்சேருக்கு மாறுவது, நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை தானே டியூப் போட்டுச் சிறுநீர் எடுப்பது, கண்ணாடியில் புட்டத்தைப் பார்த்துப் புண் வருகிறதா என்று சோதிப்பது என எல்லாவற்றிலும் வார்டிலேயே முதல் மாணவர். டிஸ்சார்ஜ் அன்று எல்லோரும் நின்று போட்டோ எடுத்துக்கொண்டோம். ஆறே வாரத்தில் உள்ளங்கை அகலப் படுக்கைப்புண்ணோடு திரும்பி வந்தார்.

எனக்கு ஆத்திரம். இத்தனை சொல்லியும் இப்படியா என்று கத்தினேன். அவர் மனைவிதான் மெதுவாகச் சொன்னார். வீட்டுக்கு இரண்டடி உயரத் திண்ணை. கக்கூஸ் கொல்லைப்புறத்தில், நடுவில் மணல். அதன் கதவு அகலம் 24 அங்குலம். நாங்கள் கொடுத்த வீல்சேரின் அகலம் 26. வண்டி திண்ணையிலேயே நின்று, துணி காயப்போட உதவிக்கொண்டிருந்தது. மனிதர் நாள் முழுக்கக் கட்டிலில். நான்கு மாதத்தில் அவருடைய மூத்திரப்பை எத்தனை மில்லி பிடிக்கும் என்றுகூட எனக்குத் தெரியும். வாசல்படி எத்தனை அங்குலம் என்று ஒரு நாளும் கேட்கவில்லை.

சாய்வுப்பாதைக்கு ஒரு கணக்கு உண்டு: ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டடி நீளம். இரண்டடித் திண்ணைக்கு இருபத்து நாலடி. அவர் வீட்டு முன்னால் போட்டால் எதிர்வீட்டுத் திண்ணையில் போய் இடிக்கும். கடைசியில் திண்ணையை ஒட்டி மண் நிரப்பி, பாதையை மடக்கித் திருப்பினார் ஊர்க் கொத்தனார். பிளாஸ்டிக் நாற்காலியின் நடுவே ஓட்டை போட்டு, விளிம்பை ரப்பர் டியூபால் சுற்றி, உள்ளறையிலேயே மறைப்பு கட்டிக்கொண்டார்கள். அந்த யோசனைகளில் ஒன்றுகூட என்னுடையது இல்லை.

ஆகவே தம்பி, ரேங்க் வராததால் இதை எடுப்பதில் வெட்கம் வேண்டாம். எங்கள் தலைமுறையில் பலரும் அப்படி வந்தவர்கள்தான், நானும். ஆனால் கவுன்சிலிங்கில் சாய்ஸ் லாக் செய்வதற்கு முன் இரண்டு நாள் செலவிடுங்கள். சென்னை கே.கே.நகர் அரசு புனர்வாழ்வு மருத்துவ நிலையத்துக்கோ, வேலூர் சி.எம்.சி.யின் பாகாயம் வளாகத்துக்கோ போய், காலை ஒன்பதிலிருந்து மாலை வரை ஒரு ஓரமாக உட்காருங்கள். முடிந்தால் தென்காசிப் பக்கம் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கத்தையும் பாருங்கள். அதைத் தொடங்கிய எஸ்.ராமகிருஷ்ணன் 1975-இல் கடற்படை அதிகாரித் தேர்வின்போது பெங்களூரில் விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர். 1981-இல் சங்கத்தை ஆரம்பித்து, தனக்குச் சிகிச்சை அளித்த ராணுவ மருத்துவர் அமர்ஜித் சிங் சாஹலின் பெயரை அதற்கு வைத்தார். 2020-இல் பத்மஸ்ரீ வந்தது. எங்கள் துறை டாக்டர் பெயர் எந்தப் பலகையிலாவது இருக்கிறதா என்று அப்பா கேட்டால், இதைச் சொல்லுங்கள்.

*

முதல் வருட பி.எம்.ஆர். மாணவி. என் பேட்ச் தோழிகள் ஐ.சி.யு., தியேட்டர் என்று ஓடுகிறார்கள். எங்கள் வார்டில் ஒரே நோயாளி மூன்று மாதம் இருக்கிறார். நேற்றுப் பார்த்ததுபோலவே இன்றும் இருக்கிறார். தவறான இடத்துக்கு வந்துவிட்டேனோ?
– பெயர் வேண்டாம், சென்னை

நேற்றுப் போலவே இருக்கிறார் என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்? தசை பலம் 0, அதாவது அசைவே இல்லை என்று நேற்றும் எழுதினீர்கள், இன்றும் எழுதினீர்கள், அதை வைத்தா?

கிணற்றில் தலைகீழாகக் குதித்த ஒரு பையன் எங்களிடம் இருந்தான். கோடை விடுமுறையில் வருடம் தவறாமல் இப்படி ஒருவராவது வருவார்கள். தண்ணீர் எவ்வளவு வற்றியிருக்கிறது என்று பார்க்காமல் குதிப்பவர்கள். கழுத்தில் ஆறாவது நரம்பு வரை வேலை செய்தது. அப்படியென்றால் மணிக்கட்டைப் பின்பக்கம் மடக்க முடியும், விரல்களை அசைக்க முடியாது. விரல் பூஜ்ஜியம்தான். ஆனால் அவன் மணிக்கட்டைப் பின்னால் மடக்கும்போது கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் தாமாகவே நெருங்கி வருவதைப் பாருங்கள். உள்ளங்கைப் பக்கத் தசைநார்கள் இழுபடுவதால் நடப்பது அது. அந்தச் சிறு இழுப்பே அவனுடைய பிடி. சொந்தக்காரர்கள் பாசத்தில் எண்ணெய் தேய்த்து, மணிக்கட்டையும் விரல்களையும் சேர்த்து நிமிர்த்தி நிமிர்த்தி நீவிவிட்டால் தசைநார் தளர்ந்து அந்தப் பிடி போய்விடும். அவனுடைய பாட்டியை அந்தக் கையிலிருந்து விலக்குவதற்கு நான் பட்ட பாடு!

ஏழாவது வாரம், பிடியில் துணி சுற்றித் தடித்த ஒரு ஸ்பூனைக் கொடுத்தோம். சாதம் சரிப்பட்டு வராது, சிந்தும். இட்லியைத் துண்டாக்கி வைத்தோம். அம்மா ஊட்டப் போனார். அவரை டீ குடிக்க அனுப்பிவிட்டோம். ஒரு இட்லி சாப்பிட நாற்பது நிமிடம் ஆனது. இரண்டு துண்டு மடியில், ஒன்று தரையில். முடித்ததும் அவன் கேட்டது: “அம்மாகிட்ட ரெண்டுன்னு சொல்லுங்க டாக்டர்.” அன்று கேஸ் ஷீட்டில் எங்கள் பி.ஜி. எழுதியது ‘நிலைமையில் மாற்றம் இல்லை’. அந்தப் பக்கத்தை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை.

பரபரப்பு இல்லை என்ற குறையும் வேண்டாம். அதே பையனுக்கு ஒரு ராத்திரி இரண்டு மணிக்குத் தலைவலி மண்டையைப் பிளக்கிறது, முகமெல்லாம் சிவந்து வியர்வை. எப்போதும் 90-க்கு 60 என்று இருக்கும் ரத்த அழுத்தம் 200-க்கு ஏறி நிற்கிறது. டியூட்டி டாக்டர் புதியவர். அழுத்த மாத்திரையைத் தேடிக்கொண்டிருந்தார். வயதான ஸ்டாஃப் நர்ஸ் வந்தார். பையனை நிமிர்த்தி உட்காரவைத்தார், இடுப்பு வார்களைத் தளர்த்தினார், போர்வையை விலக்கினார். சிறுநீர் டியூப் தொடைக்கு அடியில் மடங்கிக் கிடந்தது. நிமிர்த்திவிட்டதும் பை நிறைய ஆரம்பித்தது, அழுத்தம் இறங்க ஆரம்பித்தது. மார்பின் ஆறாவது நரம்புக்கு மேலே தண்டுவடம் அடிபட்டவர்களுக்கு நிறைந்த மூத்திரப்பையோ இறுகிய மலமோ போதும், உயிருக்கே ஆபத்து வரும். ஐ.சி.யு. தோழிகளிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கிறது என்று.

அப்புறம், இரண்டு மணி நேரத்துக்கொரு முறை நோயாளியைப் புரட்டிப் படுக்கவைப்பது அலுப்பாக இருக்கும், எனக்கும் இருந்தது. 1944-இல் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில்லில் லுட்விக் குட்மான் தண்டுவடப் பிரிவைத் தொடங்கும்வரை, இப்படி அடிபட்டவர்கள் பெரும்பாலும் படுக்கைப்புண்ணாலும் சிறுநீர்த் தொற்றாலும் சீக்கிரமே செத்துப்போனார்கள். அவர் ராத்திரியிலும் தானே எழுந்து போய், புரட்டுகிறார்களா என்று பார்த்தார். ஒரு வருடம் இருந்து பாருங்கள். அப்போதும் பிடிக்கவில்லை என்றால் எனக்கு மறுபடி எழுதுங்கள்; போகாதே என்று சொல்ல மாட்டேன்.

*

மகள் பிளஸ் டூ. நீட் மதிப்பெண் எம்.பி.பி.எஸ்.சுக்குப் போதவில்லை. பி.பி.டி. (பிசியோதெரபி பட்டப்படிப்பு) சேர்த்தால் பிறகு பி.எம்.ஆர். டாக்டர் ஆகிவிடலாம் என்கிறார் ஒரு ஏஜென்ட். உண்மையா?
– வாசகி, மன்னார்குடி

பொய். அவரிடம் பணம் கொடுத்திருந்தால் திருப்பி வாங்குங்கள். எம்.டி. பி.எம்.ஆர்.க்கு எம்.பி.பி.எஸ். வேண்டும், வேறு கதவு கிடையாது.

பி.பி.டி. படிப்பதானால் அதை அதற்காகவே படிக்கட்டும். பயிற்சியோடு சேர்த்து நாலரை வருடமாக இருந்தது; 2025-இல் வந்த புதிய பாடத்திட்டம் ஐந்து வருடம் என்கிறது. பெயருக்கு முன்னால் ‘டாக்டர்’ போடலாமா என்ற சண்டைக்குள் நான் வரவில்லை. ஆனால் நல்ல பிசியோதெரபிஸ்ட் இல்லாத வார்டில் நான் எழுதும் மருந்துச் சீட்டு வெறும் காகிதம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே போய்ப் பயிற்சி கொடுப்பவர்கள் அவர்கள்தான். அதே வருடம் இந்தத் தொழில்களுக்கென்று தேசிய ஆணையச் சட்டமும் வந்திருக்கிறது.

உங்கள் மகள் கைவேலைக்காரியா? உடைந்ததைப் பிரித்துப் பார்க்கிறவளா? அப்படியென்றால் ஆக்குபேஷனல் தெரபி, செயற்கைக் கால் – தாங்குகருவிப் படிப்பு இரண்டையும் விசாரியுங்கள். யாரும் எட்டிப் பார்க்காத படிப்புகள். கால் எடுத்தவரின் மீதிக்காலில் பிளாஸ்டர் சுற்றி அச்செடுத்து, அந்தக் கூட்டைத் தேய்த்துத் தேய்த்துச் சரிசெய்பவரின் விரலில் இருக்கிறது அந்த மனிதர் நடப்பதும் நடக்காததும். 1968-இல் ஜெய்ப்பூர்க் காலை உருவாக்கியதில் டாக்டர் பி.கே.சேத்திக்கு எவ்வளவு பங்கோ அவ்வளவு பங்கு ராம்சந்திர சர்மாவுக்கும் உண்டு. அவர் கைவினைஞர், அதிகம் பள்ளிக்கூடம் போகாதவர். குந்தி உட்காரலாம், வெறுங்காலோடு வயலில் இறங்கலாம் என்று அந்தக் காலை வடிவமைத்தார்கள். வெளிநாட்டுக் கால்களோ ஷூ போட்டு நாற்காலியில் உட்காருபவர்களுக்கானவை. நோயாளி அன்றாட வேலைகளைத் தானே எவ்வளவு செய்கிறார் என்று மதிப்பிட நாங்கள் தினமும் நிரப்பும் பார்த்தெல் அட்டவணையும் அப்படித்தான். 1965-இல் வந்தது, பத்துக் கேள்வி, நூறு மதிப்பெண். சம்மணம் போட்டு உட்கார முடிகிறதா என்று அதில் ஒரு வரி கிடையாது. நூற்றுக்கு நூறு வாங்கிய என் நோயாளி ஒருவர் பந்தியில் உட்கார முடியவில்லை என்று மருமகள் சீமந்தத்துக்கே போகவில்லை.

*

இறுதியாண்டு எம்.பி.பி.எஸ். மாணவன். பைக் விபத்தில் முழங்காலுக்குக் கீழே இழந்தவன், செயற்கைக் கால். பேராசிரியர் முதல் சொந்தக்காரர் வரை எல்லோரும் “உனக்கு பி.எம்.ஆர்.தான் பொருத்தம்” என்கிறார்கள். எரிச்சலாக இருக்கிறது. நான் எரிச்சல்படுவது சரியா?
– மாணவர், திருநெல்வேலி

எரிச்சல் மிகவும் சரி. கண்ணாடி போட்டவனை எல்லாம் கண் டாக்டராகப் போ என்றா சொல்கிறோம்?

வேலூரில் மேரி வர்கீஸ் என்று ஒருவர் இருந்தார். மகப்பேறு மருத்துவராக வேண்டும் என்று இருந்தவர். 1954 ஜனவரியில் ஒரு சாலை விபத்தில் இடுப்புக்குக் கீழே உணர்வே போனது. அப்போது அங்கே தொழுநோயால் மடங்கிய கைகளைத் தசைநார் மாற்றி நிமிர்த்தும் அறுவையைச் செய்துகொண்டிருந்த பால் பிராண்ட், கை அறுவைக்கு உட்கார்ந்தால் போதுமே என்றார். மேரி சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே அறுவை செய்தார். பிறகுதான் ஆஸ்திரேலியாவிலும், நியூயார்க்கில் ஹோவர்ட் ரஸ்கிடமும் புனர்வாழ்வு மருத்துவம் கற்றுத் திரும்பி, சி.எம்.சி.யில் அந்தத் துறைக்குத் தலைவரானார். 1966-இல் பாகாயத்தில் புனர்வாழ்வு நிலையம் திறந்தது. 1972-இல் பத்மஸ்ரீ. இந்தக் கதையைச் சொல்லும் எல்லோரும் கடைசிப் பாதியை மட்டும் சொல்வார்கள். நடுவில் அவர் அறுவை மேஜையில் உட்கார்ந்திருந்த வருடங்களை நீங்கள் கவனியுங்கள்.

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி மருத்துவ மேற்படிப்பிலும் 5 சதவீத இடம் உண்டு. சதவீதத்தை மட்டும் வைத்து ஒருவரை ஒதுக்கக் கூடாது, அவரால் படிப்பைத் தொடர முடியுமா என்று பார்க்க வேண்டும் என்று 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. ஆர்த்தோ பிடிக்குமா, மெடிசின் பிடிக்குமா, அதற்குப் படியுங்கள். ஒருவேளை பி.எம்.ஆர். பிடித்தே போனால், ஒன்று நடக்கும்: புதிதாகக் கால் எடுத்த ஒருவர் முதல் நாளே உங்கள் பேன்ட்டைத் தூக்கிக் காட்டச் சொல்வார். காட்டுவதும் மறுப்பதும் உங்கள் இஷ்டம். அதையும் முன்கூட்டியே யோசித்து வைத்துக்கொள்ளுங்கள்.

*

நேரடியாகக் கேட்கிறேன். வருமானம் எப்படி?
– ஆர்., கோயம்புத்தூர்

ரேடியாலஜி படித்த என் வகுப்புத் தோழி பெசன்ட் நகரில் வீடு கட்டினாள். நான் ஊரப்பாக்கத்தில் கட்டினேன்.

ஆர்த்தோவும் நியூரோவும் அனுப்பினால்தான் நோயாளி, அதுதான் தனியார் தொழிலின் சிக்கல். வலிக்கான ஊசிகள், மூட்டு அல்ட்ராசவுண்ட், பொட்டுலினம் கற்றவர்கள் இப்போது நன்றாகவே இருக்கிறார்கள். பெரிய மருத்துவமனைகளும் பக்கவாதத்துக்கென்று தனி வார்டு திறக்க ஆரம்பித்திருக்கின்றன.

அரசு வேலையில் சம்பளம் மற்ற டாக்டர்களுக்கு உள்ளதுதான். கூடவே ஊனச் சான்றிதழ் முகாம் வரும். சலுகைகளுக்கு 40 சதவீத ஊனம் வேண்டும் என்பது சட்டம். 35 வருகிறவர் “அஞ்சுதானம்மா, போட்டுக்குடுங்க” என்று காலில் விழுவார். அட்டவணைப்படி அவருக்கு 35தான். அவர் கஷ்டம் 80 என்பது உங்களுக்கும் தெரியும். முகாம் முடிந்த ராத்திரிகளில் நான் சரியாகத் தூங்கியதில்லை. இதையும் சம்பளக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

*

பி.எம்.ஆர். சேர்ந்துவிட்டேன்! முதல் நாளுக்கு என்ன வாங்கிக்கொண்டு போக வேண்டும்?
– புது பி.ஜி., மதுரை

வாழ்த்துகள். முழங்காலில் தட்டிப் பார்க்கும் சுத்தியலும் மூட்டுக்கோணம் அளக்கும் கருவியும் துறையில் இருக்கும். இரண்டு டேப் வாங்குங்கள். ஒன்று தையற்காரர் டேப், தொடைச் சுற்றளவுக்கு. வருடம் ஒருமுறை மாற்றுங்கள், இழுத்து இழுத்து நீண்டுபோகும். இன்னொன்று ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் ஐந்து மீட்டர் ஸ்டீல் டேப். டிஸ்சார்ஜுக்கு ஒரு வாரம் முன்னால் அதை நோயாளியின் அண்ணன் தம்பி யாரிடமாவது கொடுத்து, வாசல்படி உயரம், கக்கூஸ் கதவின் அகலம், கட்டில் உயரம் மூன்றையும் அளந்துவரச் சொல்லுங்கள். டேப் திரும்பி வராது. நான் இதுவரை இருபதுக்கு மேல் வாங்கியிருப்பேன். விலை குறைந்ததாகவே பார்த்து வாங்குங்கள்.